தேய்மானமும் அரிமானமும்: முடக்குவாத மூட்டுகளின் மீயொலி அறிக்கையில் ஒரு சொற்சிக்கல்

மூட்டுநோய்ச் சிறப்பு மருத்துவரை நாடும் நோயாளியின் கையில் இன்று வந்து சேரும் தாள்களுள் மீயொலி ஆய்வு அறிக்கையும் ஒன்று. ஆங்கிலத்தில் அரைப்பக்க அளவில் அமையும் அவ்வறிக்கையின் இறுதி வரிகளில் 'இரோஷன்' என்னும் சொல் இடம்பெறுமாயின், அது நோயாளிக்குத் தரப்படும் மருத்துவத்தின் போக்கையே மாற்றவல்லது. அச்சொல் நோயாளியிடம் எந்த மொழியில், எந்தச் சொல்லாகச் சென்று சேர்கிறது என்பது மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருத வேண்டிய வினாவாகும்.

ஐதராபாத் போன்ற நகரில் இவ்வினா மேலும் சிக்கலடைகிறது. அங்கு அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. மருத்துவமனையின் பேச்சுவழக்கு பெரும்பாலும் தெலுங்கும் தக்கணி உருதுவும் ஆகும். செகந்தராபாத் பகுதியில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் வீட்டுமொழி தமிழ். ஆகவே ஒரே செய்தி மூன்று மொழிகளின் வாயிலாக நடந்தே வீட்டை அடைகிறது. எலும்புச் சிதைவைக் குறிக்கும் சொற்கள் இந்நடையில் எவ்வாறு பொருள் மாறுகின்றன என்பதையும், தமிழில் அதற்கு எத்தகைய சொல் பொருந்தும் என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. சொல்லை ஆராயுமுன் பொருளை அறிதல் வேண்டுமாதலின், நோயின் இயல்பும் கருவியின் இயல்பும் முதலில் விளக்கப்படுகின்றன.

நோயின் இயல்பு

'ரூமடாய்டு ஆர்த்ரைட்டிஸ்' என்னும் பெயரை 1859ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் ஆல்ஃபிரட் கேரட் முன்மொழிந்தார். இப்பெயரின் முற்பகுதி, 'ஒழுகுதல்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. உடலில் தீய நீர்மங்கள் ஒழுகி மூட்டுகளில் தங்குவதால் நோய் வருகிறது என்னும் பழைய கருத்தின் எச்சம் அது. தமிழ் வழக்கிலுள்ள 'முடக்குவாதம்' என்பதில் நீர்மத்தின் இடத்தில் காற்று நிற்கிறது. இரண்டுமே இன்றைய உடலியல் விளக்கத்துடன் பொருந்தாத பெயர்கள். எனினும் வழக்கில் நிலைபெற்றுவிட்டன. பக்கவாதம், இளம்பிள்ளைவாதம் எனப் பிற நோய்ப்பெயர்களிலும் 'வாதம்' வருவதால், முடக்குவாதம் என்றதும் அதை நரம்பு தளர்ந்த நோயாகக் கொள்வாரும் உளர். மற்றொரு குறையும் இப்பெயருக்கு உண்டு. நோயின் கடைசி நிலையாகிய முடக்கத்தை அது முதல்நாளிலேயே அறிவித்துவிடுகிறது. ஈண்டு ஆராயப்படும் கருவியோ அம்முடக்கம் வாராமல் தடுக்கும் நோக்கில் பயன்படுவது.

இந்நோய் அரிய நோயன்று. தில்லியை அடுத்த சிற்றூர்களில் மாளவியா முதலியோர் நடத்தி 1993இல் வெளியிட்ட கணக்கெடுப்பு, வளர்ந்தோரில் 0.75 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதைக் காட்டியது. ஆடவரைவிடப் பெண்டிரை இது மிகுதியாகத் தாக்குகிறது. விரல்களின் அடிமூட்டுகள், மணிக்கட்டு, கால்விரல் மூட்டுகள் ஆகிய சிறு மூட்டுகளே பெரும்பாலும் முதலில் வீங்குகின்றன.

மூட்டின் உட்புறத்தை மூடியுள்ள மெல்லிய சவ்வு, உடலின் தற்காப்பு ஏற்பாடு பிறழ்வதால் அழற்சியுற்றுத் தடிக்கிறது. புதிய குருதிக் குழல்கள் அதில் தோன்றுகின்றன. எலும்பின் முனையைக் குருத்தெலும்பு போர்த்தியுள்ளது எனினும், சவ்வு எலும்பைப் பற்றும் ஓரத்தில் அப்போர்வை இராது. குருத்தெலும்பு மூடாத இவ்வோரத்தில்தான் தடித்த சவ்வு நேராக எலும்பைத் தொடுகிறது. எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் அங்குத் தூண்டப்பெற்று, எலும்பின் புறத்தோட்டைக் குடைந்து பள்ளமாக்குகின்றன. இப்பள்ளமே அறிக்கையில் 'இரோஷன்' எனப்படுவது. இங்கு உராய்வு காரணமன்று என்பதை மொழிபெயர்ப்பாளர் மனத்திற் கொள்ளுதல் இன்றியமையாதது. முதுமையில் முழங்கால் முதலிய மூட்டுகளில் வரும் மற்றொரு நோயில், குருத்தெலும்பு மெலிந்து, மூட்டின் இடைவெளி குறுகி, ஓரங்களில் எலும்பு முனைகள் புதிதாக வளர்கின்றன. மக்கள் 'மூட்டுத் தேய்மானம்' என்பது இதையே. முன்னதில் எலும்பின் ஓரம் உண்ணப்படுகிறது. பின்னதில் ஓரத்தில் எலும்பு கூடுகிறது. காரணம், இடம், விளைவு, மருந்து ஆகிய எல்லாவற்றாலும் இவ்விரண்டும் வேறுபட்டவை.

கருவி காண்பது

மீயொலிக் கருவி, மனிதச் செவிக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஒலித்துடிப்புகளை உடலுள் செலுத்தி, திரும்பிவரும் எதிரொலிகளைக் கொண்டு படம் அமைக்கிறது. வயிற்றுப் பகுதிக்கு 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் அளவிலான ஒலி போதுமானது. விரல் மூட்டுக்கோ 10 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் வரையும் அதற்கு மேலும் பயன்படுத்துவர். உடலின் மென்திசுக்களில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர். ஆகவே 15 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டராகிறது. இந்நுண்மையே சிறு பள்ளங்களைக் காண உதவுகிறது. அதிர்வெண் கூடினால் ஒலி ஆழம் செல்லாது. விரல் மூட்டு தோலுக்கு மிக அருகில் இருப்பதால் அக்குறை இங்கு இடையூறாவதில்லை.

ஒலி எலும்பை அடைந்ததும் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. எலும்பின் மேற்பரப்பு பளிச்சிடும் வெண்கோடாகத் தெரிகிறது. அதன் கீழே கருநிழல் மட்டுமே. எலும்பின் உட்பகுதியை இக்கருவி காண்பதில்லை. எனவே மீயொலியில் 'இரோஷன்' எனப்படுவது, உண்மையில் அவ்வெண்கோடு ஓரிடத்தில் விட்டுப்போயிருத்தலாகும். வாதநோய் ஆய்வுகளுக்கு அளவுகோல் வகுக்கும் 'ஓமெராக்ட்' என்னும் பன்னாட்டுக் குழுவினர் 2005இல் வெளியிட்ட வரையறை இதை நுட்பமாகக் கூறுகிறது. மூட்டினுள் எலும்புப் பரப்பின் தொடர்ச்சி அற்றிருத்தல், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு தளங்களிலும் அது காணப்படுதல் ஆகிய இரண்டும் நிறைவேறினால்தான் அப்பெயர் பொருந்தும். அழற்சி, நோய், காரணம் ஆகியவற்றைப் பற்றி அவ்வரையறை ஒன்றும் சொல்லவில்லை என்பது கருதத்தக்கது.

இரு தளங்கள் என்னும் நிபந்தனை வெறும் சடங்கன்று. ஒலிக்கற்றை சாய்ந்து விழுந்தால் முழுமையான எலும்பிலும் கோடு அறுந்ததுபோல் தோன்றும். விரல் அடியெலும்பின் தலைக்குப் பின்னால், புறங்கைப் பக்கம், இயற்கையாகவே ஒரு தாழ்வு உண்டு; பழகாத கண்ணுக்கு அது பள்ளமாகப் படும். குருதிக் குழல் நுழையும் வழியும், வளர்ந்த இரு எலும்பு முனைகளின் நடுவிலுள்ள தாழ்வும் அவ்வாறே மயக்கும். ஆய்வாளர் கருவியைத் திருப்பி மற்றொரு தளத்திலும் பார்த்து உறுதிசெய்வதன் காரணம் இது.

ஊடுகதிர்ப் படத்தைவிட இக்கருவி எவ்வளவு நுட்பமானது என்பதை இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வேக்ஃபீல்டு முதலியோர் செய்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 100 நோயாளிகளின் விரல் அடிமூட்டுகளை இரு முறைகளிலும் ஆராய்ந்தபோது, மீயொலி 56 பேரிடம் 127 பள்ளங்களைக் கண்டது. ஊடுகதிர் 17 பேரிடம் 32 பள்ளங்களை மட்டுமே கண்டது. நோய் தொடங்கிச் சிறிது காலமே ஆனோரிடம் இவ்வேறுபாடு இன்னும் பெரிது. பள்ளங்களின் எண்ணிக்கை ஆறரை மடங்காக இருந்தது. ஊடுகதிர்ப் படம் முப்பரிமாண எலும்பைத் தட்டையான நிழலாக்குவதால், பள்ளம் படத்தின் விளிம்பில் அமைந்தாலன்றி எளிதில் தெரிவதில்லை. மீயொலிக்கருவியைக் கையில் வைத்து மூட்டைச் சுற்றிவர இயலும். எனினும் சுட்டுவிரல் அடிமூட்டின் வெளிப்பக்கமும் சிறுவிரல் அடிமூட்டின் வெளிப்பக்கமும் எட்டுவதுபோல், நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் பக்கங்கள் எட்டுவதில்லை. அண்டை விரல் இடையூறாகிறது. இவ்வரம்பு பின்னர் ஒரு வினைமுற்றைத் தேர்வதில் பயன்படும்.

இந்தியாவில் இவ்வறிக்கையின் மொழிக்குத் தனிச் சிறப்பு ஏற்பட ஒரு சட்டமும் காரணமாயிற்று. கருவிலுள்ள குழந்தையின் பாலினத்தை அறிந்து சிதைப்பதைத் தடுக்க 1994இல் இயற்றப்பட்ட சட்டம், மீயொலிக் கருவிகள் யாவும் பதிவுசெய்யப்பட வேண்டும் என்கிறது. இயக்குவோருக்கும் தகுதி வரையறுக்கிறது. சட்டத்தின் நோக்கம் ஐயத்திற்கு இடமற்றது. அதன் பக்கவிளைவாக, மூட்டு மருத்துவர் தம் மேசையருகே கருவியை வைத்துத் தாமே பார்த்துக்கொள்வது ஐரோப்பாவில் உள்ள அளவிற்கு இங்கு எளிதாகவில்லை. பெரும்பாலும் கதிரியல் மருத்துவர் பார்க்கிறார், எழுதுகிறார்; மூட்டு மருத்துவர் படிக்கிறார். ஒருவர் கண்டதை மற்றொருவர் சொல்வழியாகவே அறிகிறார். ஐதராபாத்தின் பஞ்சகுட்டாவில், எலும்பு மருத்துவமனையாகத் தொடங்கிப் பின்னர்ப் பல்துறை நிறுவனமாக வளர்ந்த நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனம் போன்ற பெரிய இடங்களில் வாதநோய்க்கெனத் தனித்துறையே உண்டு. அத்தகைய ஏற்பாடில்லாத சிறு மருத்துவமனைகளில் அறிக்கையின் ஒற்றைச் சொல்லுக்கு எடை மிகுகிறது.

மூன்று மொழிகளும் ஒரே வினையும்

எலும்பு கெட்டது என்பதைச் சொல்ல ஐதராபாத்தின் மூன்று பேச்சுமொழிகளும் ஒரே பொருட்புலத்தை நாடுகின்றன. தமிழர் 'மூட்டு தேஞ்சுபோச்சு' என்பர். தெலுங்கர் 'அரிகிபோயிந்தி' என்பர். உருது பேசுவோர் 'கிஸ் கயீ' என்பர். மூன்றும் தேய்தல் என்னும் ஒரே பொருளன. செருப்பு தேய்வதற்கும் இவ்வினைகளே வரும். மண் கரைந்து போவதற்கு இம்மொழிகளில் வேறு சொற்கள் உள்ளன: தமிழில் மண் அரிப்பு, தெலுங்கில் அறுத்தல் என்னும் பொருளுடைய 'கோத', உருதுவில் அதே பொருளுடைய 'கடாவ்'. மண்ணுக்கு வேறுபடுத்தத் தெரிந்த மொழிகள் எலும்புக்கு அவ்வேறுபாட்டைப் பேச்சில் பயன்படுத்துவது அரிது.

தேய்தலைக் குறிக்கும் சொல் தன்னுடன் ஒரு கருத்தையும் சுமந்து வருகிறது. பயன்படுத்திய பொருள் தேயும், அது யாருடைய குற்றமுமன்று, தடுக்கவும் இயலாது. கணக்கியலில் இயந்திரத்தின் மதிப்பை ஆண்டுதோறும் கழிக்கும் தொகைக்குத் 'தேய்மானம்' என்று பெயரிட்டிருப்பது இக்கருத்தின் தெளிவான சான்று. முப்பத்தைந்து வயதுப் பெண்ணொருவரின் விரல் மூட்டில் கண்ட பள்ளத்தைத் 'தேய்மானம்' என்று பெயர்த்துச் சொன்னால், அவர் அதை வயதின் இயல்பாகவோ வேலையின் பயனாகவோ கொள்வார். வலி தணிந்ததும் மருந்தை நிறுத்துவது அவர் பார்வையில் அறிவுடைய செயலே. தேய்ந்ததை மருந்து வளர்க்குமா? முடக்குவாதத்தின் முதன்மை மருந்தாகிய மெத்தோட்ரெக்சேட்டு வலிமருந்தன்று. அழற்சியை அடக்கிப் புதிய பள்ளம் விழாமல் தடுப்பது. அது வாரத்திற்கு ஒருமுறை மட்டும் உட்கொள்ள வேண்டியது. நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே தீங்காகும். இம்மருந்தைப் பல ஆண்டுகள் தொடர வேண்டிய தேவையை விளக்கும் சொல், நோய் இன்னும் தின்றுகொண்டிருக்கிறது என்ற உணர்வைத் தருவதாக இருத்தல் வேண்டும். 'தேய்மானம்' அவ்வுணர்வைத் தருவதில்லை.

ஐதராபாத் தமிழர்க்கு மற்றொரு மயக்கமும் உண்டு. தெலுங்கில் 'அருகு' என்னும் வினையின் எச்சம் 'அரிகி'. தமிழ்ச் செவிக்கு இது 'அரித்து' என்பதற்கு மிக நெருங்கி ஒலிக்கிறது. தெலுங்கு மருத்துவர் 'தேய்ந்துவிட்டது' என்னும் பொருளில் 'அரிகிபோயிந்தி' என்க, தமிழர் 'அரித்துவிட்டது' என்று கொள்ள இடமுண்டு. முதுமைத் தேய்வு இதனால் எலும்பைத் தின்னும் நோயாகி அச்சம் தரும். எதிர்த்திசையிலும் இது நிகழலாம். தமிழர் தம் அறிக்கையைத் தெலுங்கரிடம் விளக்குகையில் 'அரி' என்னும் ஒலி தேய்வாகவே கேட்கப்படும். உறவுமொழிகளின் ஒலியொப்புமை கற்போருக்குத் துணை என்று பொதுவாகக் கூறுவர். மருத்துவமனையில் அது எப்போதும் துணையாவதில்லை.

'அரி' என்னும் வினை

ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலம், பல்லால் கடித்துக் கறம்புதலைக் குறிப்பது. எலி முதலிய கொறிக்கும் விலங்கினத்தின் ஆங்கிலப் பெயரும் அவ்வேரினின்றே வந்தது. தமிழில் இதற்கு நேரானது கரையான் அரித்தல் என்னும்போது வரும் 'அரி' எனலாம். புறத்தோடு நிற்க உள்ளே குடைபடுதல், சிறிது சிறிதாக நடத்தல், செய்வோன் ஒருவன் உண்டு என்னும் குறிப்பு ஆகிய மூன்றும் அதில் உள்ளன. ஆகவே 'எலும்பு அரிப்பு' என்பது முதல் நோக்கில் மிகப் பொருத்தமான மொழிபெயர்ப்பாகத் தோன்றுகிறது. ஆனால் எந்தத் தமிழரிடம் அதைச் சொன்னாலும் அவர் முதலில் நினைப்பது நமைச்சலையே.

இதன் காரணம் தொடரமைப்பில் உள்ளது. கீழ்வரும் தொடர்களை ஒப்பிடுக:

(1) கரையான் கதவை அரிக்கிறது.
(2) எனக்கு முதுகு அரிக்கிறது.

முதல் தொடரில் செய்வோன் எழுவாயாகவும், அரிபடுவது இரண்டாம் வேற்றுமையிலும் வருகின்றன. இரண்டாவதில் உணர்வோன் நான்காம் வேற்றுமையில் நிற்க, உறுப்பு எழுவாய் வடிவில் நிற்கிறது. வினை ஒன்றேயாயினும் வேற்றுமைகள் பொருளை வேறுபடுத்திவிடுகின்றன. 'அரிப்பு' என்னும் தொழிற்பெயராகி மற்றொரு பெயரோடு தொகும்போது வேற்றுமைகள் மறைகின்றன. அப்போது கேட்போர் முன்நிற்கும் பெயரைக் கொண்டே பொருள் கொள்கின்றனர். மண் அரிப்பு, கடல் அரிப்பு என்பவற்றில் முன்நிற்பது உடலுறுப்பன்று. எனவே கறம்புதற் பொருள். தோல் அரிப்பு, கண் அரிப்பு என்பவற்றில் உடலுறுப்பு முன்நிற்பதால் நமைச்சற் பொருள். 'எலும்பு' உடலுறுப்பாதலின் இரண்டாம் வகையில் சென்று விழுகிறது. சொல்லைத் தேர்ந்தவரின் பொருளறிவில் பிழையில்லை; தொகை அமையும் விதி அவருக்கு எதிராகச் செயற்படுகிறது.

வினைவடிவில் இச்சிக்கல் இல்லை. 'எலும்பின் ஓரம் அரிக்கப்பட்டுள்ளது' என்றால் நமைச்சற் பொருள் தோன்றாது. நமைச்சற்பொருள் வினைக்குச் செயப்பாட்டு வடிவம் வழங்காமையே காரணம். ஆனால் அறிக்கைகளுக்கும் அட்டவணைகளுக்கும் பெயர்ச்சொல் வேண்டும்; ஒவ்வொரு முறையும் முழுத்தொடர் எழுத இயலாது.

ஈண்டு '-மானம்' என்னும் ஈறு உதவக்கூடும். அதன் தோற்றம் எதுவாயினும், வருமானம், பெறுமானம், கட்டுமானம், பிடிமானம், செரிமானம், தேய்மானம் எனத் தமிழ் வினையடிகளுடன் அது தாராளமாகச் சேர்ந்து, செயலின் விளைவைப் பெயராக்கித் தருகிறது. 'அரிமானம்' என்பதும் புதிய ஆக்கமன்று. உலோகம் காற்றாலும் நீராலும் சிதைவதைக் குறிக்க அறிவியல் தமிழில் முன்பே வழங்குகிறது. 'எலும்பு அரிமானம்' எனின் நமைச்சல் நினைவு எழாது. அப்பொருளில் 'அரிமானம்' யாண்டும் வழங்குவதில்லை. அதனினும் சிறப்பாக, தேய்மானம் – அரிமானம் என ஓர் இணை கிடைக்கிறது. முதுமை மூட்டுநோய்க்குத் தேய்மானம், முடக்குவாதத்திற்கு அரிமானம் என்று மருத்துவர் ஒரே மூச்சில் வேறுபடுத்திச் சொல்ல இயலும். ஈறு ஒன்றாக இருப்பதால் வேர்களின் வேறுபாடு செவியில் எடுப்பாக நிற்கிறது. 'அரிமானம்' என்பதைச் செரிமானத்தோடு சேர்த்து மயங்குவாரும் இருக்கலாம் என்னும் தடை எழுப்பப்படலாம். முன்னே 'எலும்பு' நிற்கும்வரை அம்மயக்கத்திற்கு இடமில்லை.

வழக்கிலுள்ள ஈறுகளைக் கொண்டே கலைச்சொல் ஆக்குக என்னும் கொள்கை ஐதராபாத்திற்குப் புதியதன்று. 1917இல் அங்கு நிறுவப்பெற்ற 'தாருல் தர்ஜுமா' என்னும் மொழிபெயர்ப்பகம், மறு ஆண்டு தொடங்கிய உஸ்மானியாப் பல்கலைக்கழகத்திற்கான பாடநூல்களை உருதுவில் ஆக்கியது. மருத்துவமும் அங்கு உருதுவிலேயே கற்பிக்கப்பட்டது. கலைச்சொற்களை அரபு வேர்களினின்று ஆக்குவதா, பேச்சுருதுவின் ஒட்டுகளாலும் தொகைகளாலும் ஆக்குவதா என்னும் விவாதம் அக்காலத்தில் வலுவாக நடந்தது. வஹீதுத்தீன் சலீம் கலைச்சொல்லாக்கம் குறித்து எழுதிய நூல் இரண்டாவது வழிக்கு ஆதரவாக வாதிட்டது. உருதுவின் உள்ளாற்றலைச் சொல்லாக்கத்திற்குப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் கருத்து. இதற்கு அரைநூற்றாண்டு முன்னரே, 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவம் கற்பித்து, 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் உடற்கூற்று நூலை வெளியிட்டிருந்தார். அந்நூற்பெயரே காட்டுவதுபோல் அவர் வடசொற்களை மிகுதியும் நம்பினார். இரு முயற்சிகளும் மாணவரை நோக்கியவை. மாணவர் கடினமான சொல்லையும் மனப்பாடம் செய்துகொள்வர். நோயாளிக்கு அந்த ஓய்வு இல்லை. கேட்ட கணத்தில் சொல் விளங்க வேண்டும். இக்காரணத்தால் சலீமின் வழியே இங்கு ஏற்புடையதாகிறது.

படத்தின் சொல்லும் எலும்பின் சொல்லும்

'அரிமானம்' என்னும் சொல் எலும்பில் நிகழ்ந்ததைக் கூறுவது. கருவி காட்டுவதோ கோட்டின் அறுபாடு மட்டுமே. ஆங்கில அறிக்கையில் இரண்டிற்கும் ஒரே சொல் வருகிறது. ஊடுகதிர்ப் படத்திலும் காந்த ஒத்ததிர்வுப் படத்திலும் வேறு வேறு அடையாளங்களைக் கொண்டு அறியப்படுவதற்கும் அதே சொல்தான். மருத்துவர்கள் தம்முள் அதை வேறுபடுத்தி அறிந்துகொள்கின்றனர். தமிழில் புதிதாகச் சொல் ஆக்குவோர் இக்குறையையும் சேர்த்துப் பெயர்க்க வேண்டிய கட்டாயமில்லை. படத்தில் காண்பதைத் 'தொடர்ச்சியறுதல்' என்றும், அதனின்று மருத்துவர் துணிவதை 'அரிமானம்' என்றும் பிரித்துக் கூறலாம். படத்தின் சொல்லுக்கு 'முறிவு' ஆகாது. அது அடிபட்டு எலும்பு உடைதலுக்கு உரியதாகிவிட்டது. 'இடைவெளி'யும் ஆகாது, இரு எலும்புகளின் நடுவிலுள்ள வெளிக்கு அது வழங்குகிறது. 'விரிசல்', 'பிளவு' என்பனவும் முறிவின் பக்கமே சாய்கின்றன.

படத்தின் ஒளியளவைக் குறிக்கும் சொற்களும் இத்தகையனவே. தடித்த சவ்வு, சுற்றியுள்ளவற்றைவிடக் கருமையாகத் தெரியும். அதை ஆங்கிலத்தில் 'குறைந்த எதிரொலியுடையது' எனப் பொருள்படும் ஒற்றைச் சொல்லால் குறிப்பர். எதனோடு ஒப்பிட்டுக் குறைவு என்பதை அச்சொல் வெளிப்படையாகக் காட்டுவதில்லை. தோலடிக் கொழுப்பே அளவுகோல் என்பதை வரையறையைப் படித்தோரே அறிவர். தமிழில் ஒப்பீடு 'விட' என்னும் இடைச்சொல்லால் அமைவதால், 'தோலடிக் கொழுப்பைவிடக் குறைந்த எதிரொலியுடைய' என்று எழுதுவது இயல்பாகிறது. நீளம் கூடுகிறதெனினும் அளவுகோல் வெளிப்படுகிறது. சவ்வையும் மூட்டுநீரையும் பிரித்தறியும் சோதனை இன்னும் எளியது: கருவியால் அழுத்தினால் நீர் விலகும், சவ்வு விலகாது. சவ்வில் குருதியோட்டம் இருந்தால் டாப்ளர் முறை அதை நிறமாகக் காட்டும். டாப்ளர் என்பது மனிதர் பெயராதலின் பெயர்க்க வேண்டுவதில்லை.

மொழிபெயர்ப்பில் மிகுந்த எச்சரிக்கை வேண்டுவது எதிர்மறை வினைமுற்றில். அறிக்கை 'காணப்படவில்லை' என்று கூறுவதை 'இல்லை' என்று பெயர்ப்பது தமிழில் மிக எளிது, பேச்சில் இயல்பும்கூட. இவ்விரண்டிற்கும் இடையே மருத்துவம் மாறுபடும். மோதிரவிரல் மூட்டின் பக்கங்களைக் கருவி எட்டவே இல்லை. எலும்பின் உட்பகுதியை அது காண்பதுமில்லை. அங்குப் பள்ளம் 'காணப்படவில்லை' என்பது உண்மை. 'இல்லை' என்பது கருவி தராத உறுதி. பிந்தியதைக் கேட்ட நோயாளி, தாம் நோயினின்று தப்பியதாகக் கருதி மருந்தை விடுவதற்கு இலக்கணப்படி முழு உரிமை உடையவர். அதுபோன்றே, ஒரு தளத்தில் மட்டும் தெரிந்த அறுபாட்டை 'உள்ளது' என்று எழுதுவதும் தகாது; 'தோன்றுகிறது' என்பதே அளவானது. காணப்படுதல், தோன்றுதல், தெரிதல், இருத்தல் ஆகிய வினைகளைத் தமிழ் உரைநடை நடையழகு கருதி மாற்றி மாற்றி ஆள்கிறது. அறிக்கையில் அவ்வாறு ஆளுதல் கூடாது.

இவற்றைக் கொண்டு ஓர் அறிக்கைத் தொடர் பின்வருமாறு அமையலாம்:

(3) வலக்கைச் சுட்டுவிரல் அடிமூட்டின் வெளிப்பக்கத்தில், எலும்புப் பரப்பு ஓரிடத்தில் தொடர்ச்சியற்றுக் காணப்படுகிறது, செங்குத்தான இரு தளங்களிலும் இது உறுதிசெய்யப்பட்டது, அரிமானமாகக் கொள்ளத்தக்கது.

மூன்று வினைமுற்றுகள் மூன்று நிலைகளைக் காட்டுகின்றன: கண்டது, சரிபார்த்தது, துணிந்தது. முதலிரண்டும் கதிரியல் மருத்துவரின் பொறுப்பு. மூன்றாவதில் மூட்டு மருத்துவர் மாறுபட உரிமையுண்டு. ஆங்கில மூலத்தில் ஒற்றைச் சொல்லாக இருந்தது தமிழில் ஒரு வரியாகிறது என்பது உண்மையே. நோயாளியிடம் வாய்மொழியாகச் சொல்லும்போது இவ்வளவும் தேவையில்லை. 'இது தேய்மானம் அல்ல. வீக்கம் எலும்பின் ஓரத்தை அரித்திருக்கிறது. மருந்தைத் தொடர்ந்தால் மேலும் அரிக்காமல் காக்கலாம்' என்றால் போதும். ஐதராபாத்தில் இதைத் தெலுங்கில் பெயர்த்துச் சொல்பவர், 'அரித்தது' என்பதற்கு ஒலியால் நெருங்கிய 'அரிகிபோயிந்தி'யைத் தவிர்த்து, கரையான் தின்பதற்குத் தெலுங்கர் ஆளும் 'தினு' என்னும் வினையை ஆள்வது நன்று.